சூசாவின் சித்திரங்களும் சட்டத்தின் கண்ணும்

மதுரை மீனாக்ஷியம்மன் ஆலயத்தின் கம்பத்தடி மண்டபத்தில் நிற்கும் பத்ரகாளியின் மீது ஜனங்கள் வெண்ணெயை உருட்டி எறிந்து அவளுடைய உக்கிரத்தைத் தணித்து வந்திருக்கிறார்கள். நகரத்துக்கு வெளியே சமவெளியில் இறங்கினாலோ, கண்மாய்க் கரைகளில் முனியாண்டியும் கருப்பணசாமியும் விழி பிதுங்கி, பல் தெரிய, அரிவாளுடன் நிற்பதைக் காணலாம். அச்சத்தை முகமாக்கிக் காட்ட வேண்டுமென்று கருதிய வேளார், உடலளவைப் பற்றிக் கவலைப்பட்டாரில்லை. மேனாட்டார் எக்ஸ்பிரஷனிஸம் என்று பெயரிட்டு வியக்கும் முறையின் சாரம் இதுவேயாகும். ஆயினும் நமது தேசத்துச் சித்திரக்காரர் ஒருவர் இம்முறையைக் கையாண்டபோது அவருக்கு நேர்ந்த கதி யாது?

கோவாவிலுள்ள சாலிகாவ் கிராமத்தில் 1924ஆம் வருஷம் பிறந்த பிரான்ஸிஸ் நியூட்டன் சூசா, பால்யத்தில் வைசூரியால் பீடிக்கப்பட்டுப் பிழைத்தவர். பிழைத்தால் புனித சவேரியாரின் பெயரை இடுவதாகத் தாய் வேண்டிக்கொண்டதன் பயனே பிரான்ஸிஸ் என்னும் பெயர். அம்மை கண்டால் மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளும் நம்மவர்க்கு இது புதிதன்று. பம்பாய் ஜே. ஜே. சித்திரக் கலாசாலையில் பயின்ற அவர், தேசீய இயக்கத்தில் ஈடுபட்டதற்காக 1945இல் வெளியேற்றப்பட்டார். 1947இல் ஹுஸேன், ரஸா முதலியோருடன் முற்போக்குக் கலைஞர் குழுவை நிறுவினார். அன்னியர் ஆட்சி ஒழிந்து இரண்டு வருஷம் ஆவதற்குள், 1949இல், அவருடைய நிர்வாணச் சித்திரம் பம்பாய்க் கண்காட்சியிலிருந்து அகற்றப்பட்டது. போலீஸாரும் அவர் வீட்டைச் சோதனையிட்டனர். அவ்வருஷமே அவர் லண்டனுக்குக் கப்பலேறினார். பிரிட்டிஷ் ராஜ்யத்தை எதிர்த்ததற்காகக் கல்வியை இழந்தவர், சுயராஜ்யத்தில் வாழ இடமின்றிப் பிரிட்டிஷாரின் தலைநகருக்கே சென்றதைவிட வெட்கக்கேடு வேறென்ன வேண்டும்?

அவர் 2002இல் பம்பாயில் காலமானார். 1955இல் தீட்டிய 'பிறப்பு' என்னும் சித்திரம், 2015இல் நியூயார்க் ஏலத்தில் 40 லக்ஷம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. லண்டன் டேட் சித்திரசாலை அவருடைய சிலுவைப்பாட்டுச் சித்திரத்தை வாங்கி வைத்திருக்கிறது. 2005இல் மதமும் சிருங்காரமும் என்ற பொருளில் அவருக்கெனத் தனிக்காட்சியும் நடத்திற்று. நமது சுங்க இலாகாவோ, வெளிநாட்டிலிருந்து வந்த அவருடைய நான்கு சித்திரங்களையும் அக்பர் பதம்ஸியின் மூன்றையும் ஆபாசமென்று 2023இல் தடுத்து, பிறகு பறிமுதல் செய்தது. 2024 அக்டோபரில் பம்பாய் ஹைகோர்ட் அவ்வுத்தரவை ரத்து செய்து, நிர்வாணம் யாவும் ஆபாசமாகாது என்று தெளிவுபடுத்தியது.

சட்டம் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. 1868இல் இங்கிலீஷ் நீதிபதிகள் ஹிக்லின் வழக்கில் வகுத்த விதியை நமது சுப்ரீம் கோர்ட் 1964இல் ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்தோ 1959லேயே, நூலை முழுமையாகப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டுமென்று சட்டம் செய்துவிட்டது! நாம் அவ்விதியைக் கைவிட 2014 வரை காத்திருந்தோம். கோயிற் சிற்பங்களுக்குத் தண்டனைச் சட்டத்திலேயே விலக்குண்டு. காளி தப்பினாள், சூசா மாட்டிக்கொண்டார்.

சூசாவின் எல்லாச் சித்திரங்களும் உயர்ந்தவை என்பது நமது அபிப்பிராயமன்று. பெண்களைத் தீட்டுவதில் அவரிடம் ஒரு குரூரம் உண்டு. பிற்காலத்தவற்றில் அவசரம் தெரிகிறது. நெற்றியில் கண்ணை ஏற்றி, கழுத்தில் அம்பைத் தைத்து அவர் வரைந்த பாதிரிகளையும் ஞானிகளையும் கண்டு பக்தர்கள் முகஞ்சுளித்தால் அதிலும் நியாயமுண்டு. ஆனால் முகஞ்சுளிப்பவரும் முழுவதையும் பார்க்கவேண்டுமல்லவா? ஏழு காகிதங்களை மேஜைமேல் விரித்துப் பார்க்கும் சுங்க அதிகாரிக்கு அங்கங்களே தெரியும். சிலுவையில் அறையப்பட்ட கறுத்த கிறிஸ்து, லண்டன் வீதிகள், கோவாக் குடியானவர்கள், கடைசி நாட்களின் கோடுகள் ஆகிய அனைத்தும் ஒரே கூடத்தில் வருஷக் கிரமமாகத் தொங்கினால்தான், தன் சமயத்தோடும் தன் உடலோடும் ஒரு மனிதன் நடத்திய நெடிய வழக்கு புலப்படும்.

அத்தகைய காட்சியை டில்லியிலும் பம்பாயிலும் மாத்திரம் வைத்தால் போதாது. சர்க்கார் பொருட்காட்சிச்சாலைகள் அதை மதுரைக்கும் கொண்டுவர வேண்டும். சித்திரங்களுக்கடியில் விளக்கம் தமிழில் இருக்கட்டும். கம்பத்தடி மண்டபத்திலிருந்து நேரே வரும் விளாச்சேரிக் கைவினைஞரும் மேலூர்க் குடியானவரும் அவற்றின்முன் நின்று என்ன சொல்கிறார்கள் என்பதை நாம் கேட்க விரும்புகிறோம்.