முள்ளை முள்ளால் எடுக்கும் நொதி

நுழையும்முன்

மரபுச்செய்தி ஒரே திசையில்தான் செல்லும் என்று அறிவியலுலகம் நெடுங்காலம் கருதியிருந்தது. அக்கருத்தைத் திருத்திய நொதி ஒன்று, ஐம்பது ஆண்டுகள் கழித்து வடசென்னையின் குறுகிய தெருக்களில் நோயறியும் கருவியாயிற்று. அந்நொதியின் செயலையும் பயனையும் இக்கட்டுரை விளக்குகிறது.

2020ஆம் ஆண்டுக் கோடையில், சென்னை மாநகராட்சியின் பதினைந்து மண்டலங்களுள் இராயபுரம் மண்டலத்தில் கொரோனா தொற்று மிகுந்து காணப்பட்டது. துறைமுகத்தை அடுத்து, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் நிறைந்த பகுதி அது. ஓர் அறையில் பலர் வாழும் இல்லத்தில், தொற்றுடையவர் யார் என்று விரைந்து அறிவதே மற்றவர்க்குக் காப்பு. அதற்காகவே ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை செய்யப்பட்டது. அப்பெயரிலுள்ள 'ஆர்.டி.' என்பது பின்னோக்குப் படியெடுத்தலைக் குறிக்கும்.

திசை மாறிய செய்தி

செல்லுக்குள் டி.என்.ஏ.வின் செய்தி ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது, அதிலிருந்து புரதம் உருவாகிறது. ஆனால், சில வைரசுகளுக்கு ஆர்.என்.ஏ.வே மரபுப்பொருள். அவற்றுள் ஒரு வகை, தான் புகுந்த செல்லின் டி.என்.ஏ.வில் நிலையாகக் குடியேறுவது எவ்வாறு? இவ்வினாவுக்கு 1970இல் ஹோவர்ட் டெமின், சடோஷி மிசுடானி ஆகியோர் ஒருபுறமும் டேவிட் பால்டிமோர் மறுபுறமும் விடை கண்டனர். ஆர்.என்.ஏ.வை அச்சாகக் கொண்டு டி.என்.ஏ.வை உருவாக்கும் நொதி, புற்றுநோய் உண்டாக்கும் அவ்வைரசுகளுக்குள்ளேயே இருந்தது. அதுவே ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ். டெமினும் பால்டிமோரும் 1975இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

சோதனைக்குழாயில் நிகழ்வது

ஆர்.என்.ஏ. எளிதில் சிதையும், பி.சி.ஆர். முறையோ டி.என்.ஏ.வை மட்டுமே பெருக்கவல்லது. ஆதலால், மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த மாதிரியிலிருந்து பிரித்த வைரசு ஆர்.என்.ஏ.வை இந்நொதி முதலில் நிரப்பு டி.என்.ஏ.வாக மாற்றுகிறது. பின்னர் அது ஒவ்வொரு சுழற்சியிலும் ஏறத்தாழ இருமடங்காகிறது. முப்பது சுழற்சிகளில் ஒரு மூலக்கூறு நூறு கோடியைத் தாண்டக்கூடும். மாதிரியைக் குளிர்நிலையில் காக்கத் தவறினால் ஆர்.என்.ஏ. சிதைந்து, தொற்றுடையவரும் தொற்றற்றவராகத் தோன்றிவிடலாம். எனவே, தெருவில் மாதிரி எடுத்தவரின் கவனமும் சோதனையின் ஒரு பகுதியே.

கொரோனா வைரசு தான் பெருகுவதற்கு இந்நொதியைப் பயன்படுத்துவதில்லை என்பது கருதத்தக்கது. ஆய்வகங்களில் பெரிதும் பயன்படுவது, எலியின் இரத்தப் புற்றுநோய் வைரசுக்குரிய நொதியின் வடிவங்களாகும். ஒரு வைரசின் கருவியால் மற்றொரு வைரசைக் கண்டறிவது, முள்ளை முள்ளால் எடுப்பதே அன்றோ!

பிற பயன்கள்

மனித மரபணுக்கள் பலவற்றில் புரதச்செய்தி இல்லாத இன்ட்ரான் பகுதிகள் இடையிடையே உள்ளன. பாக்டீரியாவால் அவற்றை நீக்க இயலாது. அவை நீக்கப்பட்ட தூது ஆர்.என்.ஏ.விலிருந்து நிரப்பு டி.என்.ஏ.வை உருவாக்கிச் செலுத்தினால், பாக்டீரியா மனிதப் புரதத்தை உருவாக்கும். ஒரு செல்லில் எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று அளக்கவும் இந்நொதி உதவுகிறது.

தெரிந்து தெளிவோம்

சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் 1986இல் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றை முதன்முதலாக வெளிப்படுத்தினர். எச்.ஐ.வி. பெருகுவதற்கு ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் இன்றியமையாதது. அதன் செயலைத் தடுக்கும் சிடோவுடின் மருந்துக்கு 1987இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. நோய்க்கு வழியாகும் நொதியே மருந்துக்கும் இலக்காயிற்று.

கற்பவை கற்றபின்...

1. ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையின் படிநிலைகளை வரைபடமாக்கி வகுப்பில் விளக்குக.
2. 'முள்ளை முள்ளால் எடுத்தல்' என்னும் வழக்கு இந்நொதிக்குப் பொருந்துமாற்றை ஒரு பத்தியில் எழுதுக.