உருவமற்றவரின் உருவம்

கொழும்பு மாநகரிலே கொச்சிக்கடையைப் போலக் கண்ணாரக் கண்டு வணங்குதற்கேற்ற இடங்கள் சிலவே. புனித அந்தோனியார் திருத்தலத்திலே அவர்தம் சுரூபத்தின் முன் எல்லாச் சமயத்தவரும் மெழுகுதிரி ஏற்றுகின்றனர். அணித்தாகவே, சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசர் ஆலயம் விளங்குகின்றது. "சாமி எங்கே, அம்மா?" என்று வினவும் குழந்தைக்கு இங்குள்ள தாய் ஓர் உருவைக் காட்டிவிடலாம். யூத குலத் தாய் எதனைக் காட்டுவாள்?

கொச்சியிலிருந்து வந்தோரின் தொடர்பாலேயே கொச்சிக்கடை இப்பெயர் பெற்றது என்பர். அக்கொச்சியிலே யூதர் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தனர். மட்டாஞ்சேரியில் 1568ஆம் ஆண்டு எழுந்த அவர்களின் பரதேசி ஜெபாலயம் இன்றும் உளது. அங்கே சிலையுமில்லை, படமுமில்லை. முடி சூட்டி, பேழைக்குள் வைத்த வேதச் சுருள்களே உள. பேழை திறக்கப்படும்போது யாவரும் எழுந்து நிற்பர். 1950களில் அம்மக்களுட் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குச் சென்றுவிட்டனர்.

கடவுளுக்கு உருவஞ் செய்தலாகாது என்பது யூதரின் பத்துக் கட்டளைகளுள் ஒன்று. அவருடைய திருநாமத்தையும் அவர்கள் எழுத்திலுள்ளவாறு உச்சரிப்பதில்லை. வழிபாட்டில் 'என் ஆண்டவர்' என்றும், வீட்டுப் பேச்சில் 'அந்த நாமம்' என்றும் வழங்குவர். வேதம் இறைவனின் கையென்றும் கண்ணென்றும் கூறுகிறதே எனின், அது மாந்தர்க்கு விளங்கும் பொருட்டு மாந்தர் மொழியிற் சொன்னதேயாம் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பேரறிஞர் மைமொனிடீஸ் விளக்கினார். தில்லையிலே திரையை விலக்கி வெறுவெளியைக் காணும் தமிழர்க்கு இது முற்றும் புதிதன்று.

ஆயினும், காணாத கடவுளை அவர்கள் நாள்தோறும் மறவாதிருப்பது எங்ஙனம்? வாயில் நிலையிலே வேத வாசகம் அடங்கிய சிறு கூடு பதித்திருக்கும். போவோர் வருவோர் அதனைத் தொட்டு முத்தமிடுவர். வெள்ளிக்கிழமை மாலை இல்லத்தரசி விளக்கேற்றி, கண்களை மூடி வாழ்த்துரைப்பாள். உணவு உண்ணுமுன்னும், இடி கேட்டாலும், வானவில்லைக் கண்டாலும் அவ்வவற்றிற்கு உரிய நன்றி மொழி உண்டு. மாம்பழத்துக்கு மரக்கனியின் வாழ்த்து. வாழைப்பழத்துக்கோ நிலத்து விளைவின் வாழ்த்து. குலை ஈன்றபின் வாழைத்தண்டு பட்டுப்போவதால், அதனை மரமென அவர்கள் கொள்வதில்லை! இவ்வாறு, உண்ணும் பொருளை உற்றுநோக்கிய பின்னரே குழந்தை கடவுளை நினைக்கக் கற்கின்றது.

இனி, தாயிடம் கேட்ட வினாவுக்கு வருவோம். இறைவன் மனிதனைத் தம் சாயலிலேயே படைத்தார் என்று யூத வேதத்தின் முதல் நூல் கூறுகின்றது. ஏறக்குறைய கி.பி. 200இல் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் நூல் இதற்கோர் உவமை தருகின்றது. மனிதன் ஒரே அச்சில் வார்க்கும் காசுகள் யாவும் ஒன்றுபோலிருக்கும். இறைவனோ மனிதர் அனைவரையும் ஆதி மனிதனின் அச்சிலேயே வார்த்தும், ஒருவரைப்போல் மற்றொருவரில்லை. ஆகவே, ஓருயிரைப் போக்கியவன் ஓர் உலகத்தையே அழித்தவனாவான் என்றும் அந்நூல் உரைக்கின்றது.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திற் குண்டு வெடித்தது. அன்றைய தாக்குதல்களில் நாட்டில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உடைந்த சுவரும் கூரையும் சில வாரங்களிலே செப்பனிடப்பட்டன. அன்று சிதைந்த மனித உருவங்களை எந்தச் சிற்பியால் மீட்டும் செய்தல் கூடும்?

சுரூபத்தின் முன் கைகூப்பும் வீட்டிலும், கூப்பாத வீட்டிலும், "சாமி எங்கே?" என்னும் பிள்ளைக்கு அடுத்த வீட்டாரின் முகத்தையும் காட்டுவோமாக. அதனைப் பழுதின்றிக் காப்பதும் வழிபாடேயன்றோ!