கிட்டாருக்குக் கழுத்தில் கண்டம்

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மகன் மேல்படிப்புக்குக் கனடா போகிறான். பள்ளி நாளிலிருந்து சர்ச் பாடகர் குழுவில் வாசித்துவரும் கிட்டாரை வீட்டில் விட்டுப்போக அவனுக்கு மனமில்லை. விமானத்தில் கையில் கொண்டுபோக விடுவார்களா, லக்கேஜில் போட்டால் முழுசாக வந்து சேருமா, உயரே போனதும் காற்றழுத்தம் குறைந்து கம்பி அறுந்துவிடும் என்கிறார்களே உண்மையா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். கிட்டார் வைத்திருக்கும் வீடுகள் இன்று ஏராளம். அதனால் பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

மூன்றாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம். பயணிகள் விமானத்தில் நாம் உட்காரும் இடத்தில் என்ன அழுத்தமோ, காலுக்குக் கீழே பெட்டிகள் கிடக்கும் அறையிலும் அதே அழுத்தம்தான். கம்பி அறுவதற்கு அங்கே காரணம் ஏதும் இல்லை. எக்ஸ்ரேயும் மரத்தை ஒன்றும் செய்யாது.

கையில் கொண்டுபோகும் விஷயம் ஒவ்வொரு விமான நிறுவனத்தின் விதியையும், அன்றைக்கு வாசலில் நிற்பவரின் மனசையும் பொறுத்தது. நம் நாட்டில் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோ. எடை பெரும்பாலும் பிரச்சினையாகாது, நீளம்தான் தடை. வழக்கமான அக்கூஸ்டிக் கிட்டார் ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். கைப்பைக்கு அனுமதிக்கும் நீளமோ அதில் ஏறக்குறைய பாதி. பெரிய விமானங்களின் மேல்தட்டில் மெல்லிய பையில் போட்ட கிட்டார் தாராளமாகப் படுக்கும். தூத்துக்குடிக்கு வரும் ஏடிஆர் மாதிரிச் சின்ன விமானங்களில் படுக்காது. அமெரிக்காவில் 2012-இல் இதற்கென்றே சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஏறும் நேரத்தில் தட்டில் இடமிருந்தால் சிறிய இசைக்கருவியை அனுமதித்தே ஆக வேண்டும், பெரிய கருவிக்குத் தனி இருக்கை வாங்கிக்கொள்ளலாம் என்கிறது அது. அதற்கான விதிகள் 2015-இல் நடைமுறைக்கு வந்தன. நாம் செய்யக்கூடியது, டிக்கெட் போடும்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது. தனி இருக்கை வாங்க வசதியிருந்தால் அதுவே உத்தமம்.

வசதி எல்லோருக்கும் இருக்காது. கடைசியில் பெரும்பாலான கிட்டார்கள் பெட்டிகளோடு பெட்டியாகத்தான் போகின்றன. எனவே இரண்டாவது கேள்வி. என்னைப் பல வருடமாகப் பிடித்து வைத்திருக்கும் விஷயம் அதற்குள்தான் இருக்கிறது.

சென்னையில் கிட்டார் பழுதுபார்க்கும் நண்பரின் பட்டறையில் ஒருமுறை ஒரு கேஸைத் திறந்து காட்டினார். கனமான ஹார்டு கேஸ். வெளியே கீறல்கூட இல்லை. உள்ளே வழவழவென்று மகோகனி மரத்தில் செய்த நெக், தலைப்பகுதி தொடங்கும் இடத்தில் முறிந்து கிடந்தது. பின்பக்கத்து வார்னிஷ் படலம் மட்டும் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்க, கம்பிகளின் பிடியில் தலை தொங்கியது. முறிந்த முகத்தை விரலால் தடவிப் பார்த்தேன். மரநார்கள் சாய்வாக, நீளநீளமாகப் பிரிந்து நின்றன. பாடியில் ஒரு சிராய்ப்பும் இல்லை. யாரும் அந்தத் தலையில் அடிக்கவில்லை, எதுவும் அதன்மேல் விழவும் இல்லை. பின்னே எப்படி முறிந்தது?

நிற்க வைத்த கேஸ் சாய்ந்து தரையில் மல்லாக்க விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள். விழும்போது மிக வேகமாக வருவது மேல்முனை, அதாவது தலை இருக்கும் பக்கம். கேஸ் தரையில் பட்டு நிற்கிறது. பாடி கேஸின் மெத்தையில் நிற்கிறது. நெக்கும் அதற்கான தாங்கியில் நிற்கிறது. தலைக்கு மட்டும் கீழே எதுவும் இல்லை. கேஸ் செய்கிறவர்கள் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருப்பார்கள். தலையில் கம்பிகளை முறுக்கும் ஆறு கீ இருக்கிறது, எல்லாம் உலோகம். மூடிய வகைக் கீயானால் ஆறும் சேர்ந்து கால் கிலோவை நெருங்கும். அந்தக் கனம் வந்த வேகத்திலேயே இன்னும் போகப் பார்க்கிறது. நெக் நின்றுவிட்டது, தலை நிற்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய இடம் அந்த வேகத்தைத் தாங்க முடியாமல் விட்டுவிடுகிறது. அடி வெளியிலிருந்து வரவில்லை, கிட்டாரின் தலைக்கனமே அதை முறித்தது.

அந்த இடம் ஏன் அவ்வளவு பலவீனம்? எங்கள் வீட்டில் அப்பா விறகு பிளப்பார். நார் ஓடும் திசையில் கோடரி விழுந்தால் ஒரே போடில் இரண்டாகும். குறுக்கே வெட்டினால் எத்தனை போட்டாலும் அசையாது. கிட்டார் நெக்கில் நார் நீளவாக்கில் ஓடுகிறது, அதனால்தான் கம்பிகளின் இழுப்பை அது தாங்குகிறது. லைட் வகை ஸ்டீல் கம்பி ஆறும் சுருதியில் நிற்கும்போது மொத்த இழுப்பு 70 கிலோவுக்குக் குறையாது. ஆனால் பல கிட்டார்களில் தலை நேராகப் போவதில்லை, பின்னால் சாய்கிறது. பழைய கிப்சன் கிட்டார்களில் அந்தச் சாய்வு 17 டிகிரி. நெக்கையும் தலையையும் ஒரே கட்டையில் செதுக்கும்போது, நெக்கில் நீளமாக ஓடிய நார் சாய்ந்த தலைக்குள் முழுசாகப் போவதில்லை. வழியிலேயே மரத்தின் பரப்பில் வெளியேறிவிடுகிறது. அந்த இடத்தில் மரத்தைப் பிடித்து நிற்பவை குட்டைக் குட்டையான நார்கள்தான். போதாததற்கு, நெக் வளையாமல் இருக்க உள்ளே ஒரு இரும்புக் கம்பி போகிறது. ட்ரஸ் ராட் என்பார்கள். கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த தேடியஸ் மெக்ஹ்யூ என்பவருக்கு 1923-இல் காப்புரிமை கிடைத்த ஏற்பாடு அது. அதைத் திருகுவதற்கான குழியைப் பல கிட்டார்களில் அதே பலவீனமான இடத்தில்தான் தோண்டுகிறார்கள்.

மாற்று வழிகள் தெரியாமல் இல்லை. லியோ ஃபெண்டர் தன் கிட்டார்களில் தலையைச் சாய்க்காமல், மேப்பிள் கட்டையில் நேராகவே வைத்தார். நெக்கை நான்கு ஸ்க்ரூவில் பூட்டினார். அதனால் ஃபெண்டர் தலை இப்படி முறிவது அபூர்வம். வேண்டுமானால் நெக்கைக் கழற்றிச் சூட்கேஸுக்குள் துணிகளோடு வைத்தே கொண்டுபோகலாம். நெக்கின் பின்னால் அந்த இடத்தில் மட்டும் மரத்தைக் கொஞ்சம் புடைப்பாக விடுவது இன்னொரு வழி. 1970-களில் கிப்சன் அப்படிச் செய்தது. வாங்குகிறவர்களுக்கு அந்தப் புடைப்பு பிடிக்கவில்லை. 1980-களின் தொடக்கத்தில் விட்டுவிட்டார்கள். மூன்றாவது வழி, தலையைத் தனிக் கட்டையில் செய்து நெக்கோடு சாய்வாக ஒட்டுவது. அப்படிச் செய்தால் தலைக்குள்ளும் நார் நீளமாகவே ஓடும். மரத்தை மிச்சப்படுத்தவும் அது உதவும் என்பதால், ஆசியத் தொழிற்சாலைகளில் செய்யும் விலை குறைந்த கிட்டார்கள் பலவற்றில் அந்த ஒட்டு இருக்கிறது. நெக்கின் பின்பக்கம் தலைக்கு அருகே சாய்வாக ஒரு கோடு தெரிந்தால் அதுதான். மட்டமான வேலை என்று அந்தக் கோட்டைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். லட்ச ரூபாய் கிட்டாரின் தலை போகும் இடத்தில், ஏழாயிரம் ரூபாய் கிட்டாரைக் காப்பாற்றுவது அந்தக் கோடுதான்.

இவ்வளவும் தெரிந்துவிட்டால் கட்டும் முறை தானாக வரும். ஹார்டு கேஸ் கட்டாயம். உள்ளே கிட்டார் ஒரு விரல்கடை அளவும் ஆடக்கூடாது. தலைக்குக் கீழேயும் மேலேயும் இரண்டு பக்கமும் மென்மையான துணியைச் சுருட்டி வையுங்கள். தலையை அழுத்தித் தூக்குகிற அளவுக்குத் திணிக்க வேண்டாம், ஆடாமல் நின்றால் போதும். பாடியின் அடிப்பக்கத்திலும் இடைவெளி இருந்தால் நிரப்புங்கள். கம்பிகளை ஒன்றிரண்டு சுருதி இறக்குங்கள். அவை எந்நேரமும் தலையை முன்னால் இழுத்துக்கொண்டே இருப்பவை. ஏற்கனவே இழுபட்டு நிற்கும் மரத்துக்கு அதிர்வைத் தாங்கும் சக்தி குறைவு. முழுக்கத் தளர்த்தத் தேவையில்லை.

பழைய ஜீன்ஸும் துண்டும் போதும், காசு ஆகாது. ஆனாலும் செய்வதில்லை. இருபதாயிரத்துக்குக் கிட்டார் வாங்கித் தருகிற பெற்றோர், கேஸுக்கு நாலாயிரம் என்றதும் கடையில் இலவசமாகக் கொடுக்கும் மெல்லிய கவரே போதும் என்று கிளம்பிவிடுகிறார்கள். கடைக்காரரும் எடுத்துச் சொல்வதில்லை. வீணையும் மிருதங்கமும் கொண்டு ஊர் ஊராகப் போகிற நம் வித்வான்களைப் பாருங்கள். கருவியைத் தூக்குகிற விதத்திலேயே அதற்குத் தருகிற மரியாதை தெரியும். கிட்டாருக்கும் அந்த மரியாதை உண்டு. விமான நிலையத்தில் பெல்ட்டின் அந்தப் பக்கம் பெட்டி தூக்குகிறவர்களுக்கும் ஒரு மணி நேரப் பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுக்க முடியும்.

கனடா என்பதால் குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டும். கிட்டாருக்கு உகந்தது 45 முதல் 55 வரை. குளிர்காலக் கனடாவில் ஹீட்டர் ஓடும் அறைக்குள் அது 20-ஐ ஒட்டி இறங்கிவிடும். ஈரம் போனால் மரம் நாருக்குக் குறுக்குவாக்கில் சுருங்கும், நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. மேல்பலகை மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன். அதன் உள்பக்கம் குறுக்கே ஒட்டியிருக்கும் சட்டங்கள் சுருங்க மறுக்கும், பலகை சுருங்கியே தீரும். அந்த இழுபறியில் பலகை வெடிக்கிறது. ஒட்டுப்பலகையில் செய்த கிட்டாருக்கு இந்தப் பயம் குறைவு. முழுமரப் பலகை என்றால் சவுண்ட் ஹோலில் வைக்கும் ஈரமூட்டி ஒன்று அவசியம். போய்ச் சேர்ந்த அன்று கேஸை உடனே திறக்காமல் அறையில் சில மணி நேரம் மூடியே வைத்திருக்க வேண்டும். திடீர்ச் சூட்டில் வார்னிஷ் கோடு கோடாக வெடிக்கும்.

கிட்டாரின் மரத்துக்கு எல்லையில் தடை வருமா என்ற சந்தேகமும் சிலருக்கு வரும். கிட்டாரின் முதுகும் பக்கமும் பல சமயம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம். 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தபோது இசைக்கலைஞர்கள் கலங்கிப்போனார்கள். 2019 நவம்பரில் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்துவிட்டது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் விலக்கு இல்லை. அந்த மரத்தில் செய்த பழைய கிட்டார் உங்களிடம் இருந்தால் காகிதம் இல்லாமல் எல்லை தாண்டாதீர்கள்.

கனடாக்காரர் ஒருவரின் கதை உலகத்துக்கே தெரியும். டேவ் கரோல் 2008-இல் ஹாலிஃபாக்ஸிலிருந்து ஒமாஹாவுக்கு யுனைடெட் விமானத்தில் போனார். வழியில் சிகாகோவில் அவருடைய 3,500 டாலர் டெய்லர் கிட்டார் உடைந்தது. பழுதுபார்க்க 1,200 டாலர் ஆனது. பல மாதம் அலைந்தும் நஷ்டஈடு கிடைக்கவில்லை. உரிய நேரத்துக்குள் புகார் தரவில்லை என்பது நிறுவனம் சொன்ன காரணம். 2009 ஜூலையில் அதையே பாட்டாக்கி யூடியூபில் போட்டார். லட்சக்கணக்கானோர் பார்த்த பிறகுதான் நிறுவனம் இறங்கி வந்தது.

எல்லோராலும் பாட்டுப் போட்டு நியாயம் வாங்க முடியாது. சர்வதேசப் பயணத்துக்கு மாண்ட்ரியல் உடன்படிக்கை இருக்கிறது, இந்தியாவும் கனடாவும் அதில் இணைந்த நாடுகள். லக்கேஜில் போட்ட பொருள் சேதமானால் கையில் கிடைத்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தந்தாக வேண்டும், தராவிட்டால் உரிமை போய்விடும். எனவே நாகர்கோவில் தம்பிக்குச் சொல்வது இதுதான். கவுன்ட்டரில் நீட்டும் சீட்டில், 'உடைந்தால் நிறுவனம் பொறுப்பல்ல' என்று இருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். கேஸை மூடுமுன் தலை, நெக், பாடி மூன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். கனடாவில் இறங்கியதும் பெல்ட் பக்கத்திலேயே ஒரு நிமிடம் திறந்து நெக்கின் பின்புறத்தைப் பாருங்கள், பார்த்தவுடன் மூடிவிடுங்கள். முறிந்திருந்தால் அங்கேயே புகார் எண் வாங்காமல் வெளியே வராதீர்கள். அவசரப்பட்டு உடனடிப் பசையை ஊற்றிவிடாதீர்கள், அது காய்ந்த இடத்தில் பிறகு நல்ல பசை பிடிக்காது. கம்பிகளைத் தளர்த்தி, சிதறிய துணுக்குகளை ஒன்றுவிடாமல் ஒரு உறையில் போட்டு, விவரம் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். நார் நீளமாகப் பிரிந்த முறிவு, சரியாக ஒட்டினால் பல வருடம் சுருதி தாங்கி நிற்கும்.