இலவசப் பாடத்தின் முழுச் செலவு

தத்துவம், வரலாறு, பொருளாதாரம், மேலாண்மை என்று உலகின் பெரிய பல்கலைக்கழகங்கள் நடத்தும் பாடங்கள் இன்று ஆன்லைனில் கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றைப் பார்க்கக் கட்டணம் 0 ரூபாய். ஆனால் அவற்றைத் தயாரிக்கச் செலவு உண்டு, படிக்கவும் செலவு உண்டு. இரண்டையும் எழுதிக் கூட்டிப் பார்த்தால்தான் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஏன் முடிப்பதில்லை என்பது தெரியும்.

தயாரிப்புச் செலவு

2012 மே மாதம் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் தலா 3 கோடி டாலர் போட்டு எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தைத் தொடங்கின. ஒரு பாடம் தயாரிக்க என்ன ஆகிறது என்று கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜ் ஆய்வாளர்கள் 2014-இல் கணக்கெடுத்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பாடங்களில் மலிவானதற்கு 38,980 டாலர், செலவு மிகுந்ததற்கு 3,25,330 டாலர். பேராசிரியர்களும் உதவியாளர்களும் எத்தனை பேர், வீடியோ எவ்வளவு தரம் என்பதைப் பொறுத்துத் தொகை ஏறியது. பாடத்தை முடித்தவர் தலைக்கு வகுத்தால் 74 முதல் 272 டாலர் வரை வந்தது.

யேல் பல்கலைக்கழகம் எளிய வழியில் போனது. 2007 டிசம்பரில் தொடங்கிய ‘ஓபன் யேல் கோர்ஸஸ்’ திட்டத்தில், உண்மையாக நடந்த வகுப்பறைப் பாடத்தையே படம்பிடித்துக் கொடுத்தார்கள். பென் போலக் நடத்திய ஆட்டக் கோட்பாடு வகுப்பு 24 விரிவுரைகள். ஒன்று சுமார் 75 நிமிடம் என்றால் மொத்தம் 30 மணி நேரம். பதிவு செய்ய வேண்டியதில்லை, சான்றிதழும் இல்லை. விரிவுரைகளின் எழுத்து வடிவத்தையும் இறக்கிக்கொள்ளலாம். டேட்டா குறைவாக உள்ளவர்களுக்கு அது பெரிய உதவி.

சேர்ந்தவர், முடித்தவர்

2012-13 கல்வியாண்டில் எட்எக்ஸ் வழியாக ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 17 பாடங்கள் நடத்தின. மைக்கேல் சாண்டலின் நீதி பற்றிய பாடம், கிரகரி நாகியின் கிரேக்க வீரர்கள் பற்றிய பாடம், அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் நடத்திய உலக வறுமை பற்றிய பாடம் எல்லாம் இதில் அடங்கும். கணக்கு இது:

மொத்தப் பதிவுகள்: 8,41,687
பதிவு செய்தபின் உள்ளே எட்டிப்பார்க்காதவை: 2,92,852 (34.8%)
பாதிக்கும் குறைவாகப் பார்த்தவை: 4,69,702 (55.8%)
பாதிக்கு மேல் பார்த்தும் சான்றிதழ் பெறாதவை: 35,937 (4.3%)
சான்றிதழ் பெற்றவை: 43,196 (5.1%)

நான்காவது வரியைத் தோல்வி என்று எழுதக்கூடாது. பாதிக்கு மேல் பார்த்தவருக்குத் தேவையானது கிடைத்திருக்கலாம். கவலை தருவது முதல் இரண்டு வகைதான். இரண்டும் சேர்ந்து 90 சதவீதத்துக்கு மேல்.

பிந்தைய ஆண்டுகளிலும் நிலைமை தேறவில்லை. 2017-18-இல் இதே இரு நிறுவனங்களின் பாடங்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம். அதே ஆண்டில் பணம் கட்டிச் சான்றிதழ் வழியில் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 46 சதவீதம். பணம் கட்டியவர் முடிக்கும் உறுதியோடு வந்தவர். அந்தப் படிப்புக்கென்று நேரத்தையும் அவர் ஒதுக்கியிருப்பார்.

யார் சேர்ந்தார்கள் என்ற கேள்விக்குப் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2013-இல் விடை தேடியது. அதன் இலவசப் பாடங்களைப் படித்த 34,779 பேரிடம் கேட்டபோது, 83 சதவீதத்தினர் ஏற்கெனவே கல்லூரிப் பட்டம் வைத்திருந்தார்கள். இந்தியா, சீனா, பிரேசில், ரஷ்யா, தென்னாப்பிரிக்காவில் இருந்து வந்தவர்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தினர், அந்நாடுகளில் வசதியிலும் படிப்பிலும் மேலே உள்ள 6 சதவீத மக்கள்.

படிப்பவரின் செலவு

இனி நம் ஊர்க் கணக்கு. ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். திட்டத்தில் மானுடவியல் துறைகளுக்கும் மேலாண்மைக்கும் நிறையப் பாடங்கள் உண்டு. 12 வாரப் பாடம் ஒன்றுக்கு:

வீடியோ: சுமார் 30 மணி
வாசிப்பும் அசைன்மென்ட்டும்: அதே அளவு என்று வைத்தால் 30 மணி
மொத்தம்: 60 மணி, அதாவது வாரத்துக்கு 5 மணி
டேட்டா: மணிக்கு 300 எம்.பி. வீதம் 9 ஜி.பி.
தேர்வுக் கட்டணம்: 1,000 ரூபாய் (பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்குப் பாதி)

தேர்வுக் கட்டணத்தை 60 மணிக்குப் பிரித்தால் மணிக்கு 17 ரூபாய்கூட ஆகாது. பணத்தைப் புரட்டிவிடலாம். வேலை முடிந்து வந்து, சமையலும் முடித்து உட்காரும் பெண்ணுக்கு வாரம் 5 மணி நேரத்தைப் புரட்டுவதுதான் கடினம்.

மதிப்பெண் முறையும் அந்த நேரத்தைக் கேட்கிறது. அசைன்மென்ட்டுக்கு 25, நேரடித் தேர்வுக்கு 75. 12 வாரங்களில் சிறந்த 8 வாரங்களின் சராசரியை எடுப்பதால் 4 வாரம் தவறினாலும் தாங்கும். ஆனால் அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 என்று தனித்தனியாக எடுத்தாக வேண்டும். அசைன்மென்ட்டில் முழு 25 வாங்கியவர் தேர்வில் 29 எடுத்தால், கூட்டுத்தொகை 54 இருந்தும் சான்றிதழ் கிடைக்காது. கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் பலர் இங்கேதான் விழுகிறார்கள்.

மீதி நிற்பது

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிகளின்படி, ஒரு பருவத்தில் 40 சதவீதம் வரையிலான பாடங்களை மாணவர்கள், என்.பி.டி.இ.எல். பாடங்களும் இடம்பெறும் மத்திய அரசின் ஸ்வயம் தளம் வழியாகப் படித்து மதிப்பீட்டில் சேர்க்கக் கல்லூரிகள் அனுமதிக்கலாம். 12 வார என்.பி.டி.இ.எல். பாடத்துக்கு 3 கிரெடிட். ஆக, விதி இருக்கிறது, பாடமும் இருக்கிறது. குறைவது அந்த 5 மணி நேரம். அதைக் கால அட்டவணையில் எழுதி, கணினி அறையைத் திறந்துவைத்து, சந்தேகம் கேட்க ஓர் ஆசிரியரையும் அமர்த்தும் கல்லூரியில் முதல் தலைமுறை மாணவரும் முடிப்பார். அதைச் செய்யாமல் இன்னும் 100 பாடங்களைப் பதிவேற்றினால், பதிவு எண்ணிக்கை மட்டும்தான் கூடும்.