கொழும்பில் லத்தீன் படிப்பித்தல்

கொழும்பின் பழைய கல்லூரிகளின் சின்னங்களில் லத்தீன் இன்னும் இருக்கிறது. றோயல் கல்லூரியின் 'திஸ்கே அவுட் திஸ்கேதே' மாணவனைப் பார்த்து 'படி, இல்லையேல் வெளியேறு' என்கிறது. புனித தோமஸ் கல்லூரியின் 'எஸ்தோ பெர்பெத்துவா' கல்லூரியையே 'என்றும் நிலைத்திரு' என வாழ்த்துகிறது. றோயல் 1835இல் தொடங்கியது. புனித தோமஸ் 1851இல் கொட்டாஞ்சேனைக்கு அடுத்த முகத்துவாரத்தில் தொடங்கி, 1918இல் கல்கிசைக்குப் போனது. இரண்டும் ஆங்கிலேயப் பள்ளிகளை முன்மாதிரியாகக் கொண்டவை. லத்தீன் அங்கே கெட்டிக்காரர்களின் பாடமாக இருந்தது. கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயத்திலோ பூசைக்கு உதவும் சிறுவர்கள் லத்தீன் மறுமொழிகளை மனப்பாடமாகவே சொன்னார்கள்.

1945க்குப் பின் கல்வி மொழி படிப்படியாகச் சிங்களத்துக்கும் தமிழுக்கும் மாறியது. 1960இல் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் லத்தீன் கட்டாயம் என்ற நுழைவு விதியைக் கைவிட்டன. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிகளுக்கு இடம் கொடுத்தது. தாங்கி நின்ற தூண்கள் சரிந்ததும் பாடமும் ஒதுங்கியது. படிப்பித்த முறைக்கும் இதில் பங்குண்டு. விகுதி அட்டவணையை ஒப்புவித்து, வாக்கியத்தைப் பிரித்து ஆங்கிலமாக்குவதே அன்றைய வகுப்பு. தமிழ்ப் பிள்ளை ஓர் அந்நிய மொழியை இன்னோர் அந்நிய மொழியின் வழியே படித்தது.

இந்த முறைக்கு எதிர்ப்பு இங்கிலாந்திலேயே எழுந்தது. கல்கத்தாவில் பிறந்த டபிள்யூ.எச்.டி. ரௌஸ், 1902 முதல் 1928 வரை கேம்பிரிட்ஜ் பெர்ஸ் பள்ளியின் தலைமை ஆசிரியர். லத்தீனை லத்தீனிலேயே பேசிப் படிப்பித்தார். டென்மார்க்கின் ஹான்ஸ் ஓர்பெர்க் 1955இல் வெளியிட்ட பாடநூலில் வேறு மொழியே கிடையாது. படமும் ஓரக் குறிப்பும் பொருளை உணர்த்தும். 1970இல் வந்த கேம்பிரிட்ஜ் லத்தீன் பாடநூல், பொம்பேயில் உண்மையாகவே வாழ்ந்த கைக்கிலியுஸ் என்ற வட்டிக்கடைக்காரரின் வீட்டுக் கதையாகத் தொடங்குகிறது.

தமிழ் மாணவருக்கு இவற்றைவிடக் கிட்டிய வழி ஒன்றுண்டு: வேற்றுமை. 'பையன் நாயைப் பார்க்கிறான்' என்பதைச் சொல் மாற்றி 'நாயைப் பையன் பார்க்கிறான்' என்றாலும் பொருள் மாறாது. 'ஐ' உருபு காப்பாற்றுகிறது. லத்தீனில் 'கானிஸ்' என்ற நாய் 'கானெம்' ஆவதும் அதே வேலைக்குத்தான். ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளை வாரக்கணக்கில் தடுமாறும் இடம் இது. வினைமுற்றே எழுவாயைக் காட்டுவதும் தமிழருக்குப் பழக்கம்: 'பார்க்கிறேன்' என்றால் 'நான்' வேண்டியதில்லை, லத்தீனின் 'விதேயோ'வும் அப்படியே. லத்தீனின் ஆறு வேற்றுமைகளில் அப்லாத்திவ் என்ற ஒன்றே நம் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகளின் வேலையைப் பெரும்பாலும் பார்க்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை இரண்டு பாடவேளையில் விளக்கலாம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 'நாய்களை' என்பதில் பன்மையும் உருபும் தனித்தனியே தெரியும். லத்தீனில் ஒரே விகுதி இரண்டையும் சுமக்கும், அதுவும் ஐந்து பெயர்ச்சொல் வகைகளில் ஐந்து விதமாக. மேசை பெண்பாலாவதும் திணை அறிந்த பிள்ளைக்கு வேடிக்கைதான். நிறமிட்ட விகுதி அட்டைகளைப் பொருத்தும் ஆட்டம் இங்கே உதவும்.

வாசிக்கக் கொடுக்கும் பகுதிகளுக்கும் உரோமையை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை. உரோம எழுத்தாளர் பிளினி தம் இயற்கை வரலாற்றின் ஆறாம் நூலில், காற்றில் அள்ளுண்டு இலங்கையை அடைந்த ஒருவனின் கதையைச் சொல்கிறார். அவன் அன்னியுஸ் பிளொகாமுஸ் என்பவரால் விடுதலை செய்யப்பட்ட அடிமை. ஆறு மாதத்தில் உள்ளூர் மொழியைப் பழகினானாம்; மாணவர்கள் நம்ப மறுக்கக்கூடும். பல பேரரசர்களின் உருவம் இருந்தும் உரோம நாணயங்கள் ஒரே எடையாக இருந்ததை இலங்கை மன்னன் வியந்து, பேரரசர் கிளௌதியுஸிடம் நான்கு தூதரை அனுப்பினான். அரசவை, நாணயம், தராசு என்று வகுப்பு இதை நாடகமாக்கலாம். வீரமாமுனிவர் 1730இல் லத்தீனாக்கிய குறளின் அறத்துப்பாலும் பொருட்பாலும் இன்னொரு வாசல்: பொருள் முன்பே மனப்பாடமாக இருப்பதால் கவனம் முழுவதும் இலக்கணத்தில் நிற்கும். புதுக்கடை நீதிமன்றங்களில் உரோம-டச்சுச் சட்டம் இன்னும் வழங்குவதும் பாடமாகும். பாதி விலைக்கும் குறைவாக விற்ற காணியின் விற்பனையை ரத்துச் செய்யக் கோரும் உரிமைக்கு அங்கே 'லேசியோ எனோர்மிஸ்' என்றே பெயர்.

தொழில்நுட்பம் இதற்குப் பிறகுதான். 2019இல் டுவோலிங்கோ தொடங்கிய லத்தீன் பாடம் சொற்களைப் பழக்கும், ஆனால் ஆங்கிலத்தின் வழியே. வேற்றுமையை அது தமிழில் விளக்காது. பெர்சியுஸ் மின்னூலகம் எந்தச் சொல்லைத் தொட்டாலும் அதன் இலக்கணத்தைக் காட்டும். பிளினியை வாசிக்க அது போதும். கூகுளின் மொழிபெயர்ப்பைக் கொடுத்துப் பிழை பிடிக்கச் சொல்வது நல்ல பயிற்சி. நாடகத்தில் வரும் தூதரின் பேச்சை வெள்ளவத்தை மாணவி கைப்பேசியில் பதிந்து வகுப்புக் குழுவுக்கு அனுப்பினால் உச்சரிப்பும் திருந்தும்.

உயர்தரப் பாடத்திட்டத்தில் 'கிரேக்க, உரோம நாகரிகம்' என்ற பாடம் இருக்கிறது. அதில் மொழி கற்பிக்கப்படுவதில்லை. மொழியைத் தேடுவோருக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் செம்மொழித் துறையில் இடமுண்டு.