பழைய மஸ்டாங் காரில் மின்னணு இக்னிஷன்: வயரிங்

பழைய பெட்ரோல் காரின் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்டையும் கண்டென்சரையும் எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு சிறிய மின்னணுத் தொகுதியைப் பொருத்துவது மின்னணு இக்னிஷன் மாற்றம் எனப்படுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் வெளித்தோற்றம் மாறுவதில்லை. உள்ளிருந்து ஒரு வயருக்குப் பதிலாகச் சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர்கள் வெளியே வரும், அவ்வளவே. பொருத்துவது எளிது. ஆனால் சிவப்பு வயருக்கு எங்கிருந்து மின்சாரம் எடுப்பது என்ற இடத்தில்தான் பலர் தவறுகின்றனர். 1964 ஏப்ரல் 17 அன்று அறிமுகமான ஃபோர்டு மஸ்டாங்கின் முதல் தலைமுறைக் கார்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பழைய முறை

பாயின்ட் இக்னிஷனை உருவாக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங். 1910ஆம் ஆண்டு மாடல் கேடிலாக் கார்களில் அது இடம்பெற்றது. பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலின் முதன்மைச் சுற்றில் மின்னோட்டம் பாயும். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு சுழன்று பாயின்டைத் திறந்ததும் அந்த ஓட்டம் அறுபடும். காயிலின் காந்தப்புலம் சரிந்து, இரண்டாம் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழும்பி, பிளக்கில் தீப்பொறி பாயும்.

பாயின்ட் என்பது ஒரு தொடுமுனை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது சிறிது கருகும். அதன் வழியே 4, 5 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து விட்டால் வெகு சீக்கிரம் தீய்ந்துவிடும். மற்றொரு சிக்கலும் உண்டு. ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரி மின்னழுத்தம் 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கலாம். வலுவான தீப்பொறி மிகவும் தேவைப்படும் நேரமும் அதுதான்.

இரண்டுக்கும் சேர்த்துக் கண்ட தீர்வுதான் பேலஸ்ட் மின்தடை. காயிலைக் குறைந்த மின்னழுத்தத்துக்கு ஏற்றபடி செய்துவிட்டு, கார் ஓடும்போது இடையில் ஒரு மின்தடையைச் சேர்ப்பார்கள். ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் மட்டும் அதை விலக்கி முழு மின்னழுத்தம் கொடுப்பார்கள். கிரைஸ்லர் கார்களில் இந்த மின்தடை பீங்கான் துண்டாக எஞ்சின் அறைச் சுவரில் கண்ணுக்குத் தெரியும். மஸ்டாங்கில் அப்படி எதுவும் தென்படாது. டேஷ்போர்டுக்குப் பின்னால், இக்னிஷன் சாவியிலிருந்து வரும் இளஞ்சிவப்பு வயரே மின்தடை. மற்ற வயர்களைப் போலவே தோன்றும் அதற்கு ஏறக்குறைய 1.4 ஓம் தடை உண்டு. ஸ்டார்ட்டர் ரிலேயில் 'ஐ' என்று குறியிட்ட முனையிலிருந்து வரும் பழுப்பு வயர், எஞ்சினைச் சுழற்றும்போது மட்டும் காயிலுக்கு முழு மின்னழுத்தம் தரும்.

கணக்கு எளியது. ஓடும் எஞ்சினில் 14 வோல்ட், காயிலின் தடை 1.5 ஓம், வயரின் தடை 1.4 ஓம் என்றால் உச்ச மின்னோட்டம் சுமார் 4.8 ஆம்பியர். வயர் இல்லையென்றால் 9 ஆம்பியரைத் தாண்டும். அதைப் பாயின்டும் தாங்காது, அந்தக் காயிலும் தாங்காது.

புதிய தொகுதிக்கு வேண்டியது

மின்னணுத் தொகுதியில் தேயும் தொடுமுனை இல்லை. ரோட்டருக்கு அடியில், தண்டின் மேல் ஒரு காந்த வளையம் செருகப்படும். காந்தங்கள் கடந்துபோவதை ஹால் விளைவு உணரி உணர்ந்து, டிரான்சிஸ்டர் மூலம் காயிலின் மின்னோட்டத்தை நிறுத்தும். கறுப்பு வயர் காயிலின் எதிர்முனைக்கும் சிவப்பு வயர் 12 வோல்ட்டுக்கும் செல்ல வேண்டும்.

காயிலின் நேர்முனையில் 12 வோல்ட் இருக்கிறதென்று எண்ணி சிவப்பு வயரை அங்கே மாட்டுவதே வழக்கமான பிழை. மல்ட்டிமீட்டரும் சில நேரம் அதற்குத் துணைபோகும்! பாயின்ட் திறந்த நிலையில் அளந்தால் மின்னோட்டமே இல்லை. ஆகவே இளஞ்சிவப்பு வயரில் மின்னழுத்தம் குறைவதில்லை. மீட்டர் முழு பேட்டரி மின்னழுத்தத்தைக் காட்டும். காயிலின் எதிர்முனையை ஒரு வயரால் சில நொடிகள் எர்த்தோடு இணைத்துவிட்டு அளந்தால் உண்மை தெரியும்: 12.4 வோல்ட் பேட்டரிக்கு 6.4 வோல்ட்தான் எஞ்சும். அதை நம்பி இயங்கும் தொகுதி சூடேறியதும் தடுமாறும். எஞ்சின் மிஸ் ஆகும், சில நேரம் நடுவழியில் நின்றுவிடும். குறை தொகுதியின் மேல் விழும். புதிய தொகுதி வாங்கிப் போட்டாலும் அதே கதைதான்.

இரண்டு சரியான வழிகள் உள்ளன. பழைய காயிலையே வைத்துக்கொள்வதானால் இளஞ்சிவப்பு வயர் காயிலுக்கு இருக்கட்டும். சிவப்பு வயருக்கு மட்டும், அந்த வயர் தொடங்குவதற்கு முன்பே, சாவியின் பக்கத்திலிருந்து தனி இணைப்பு எடுக்க வேண்டும். இல்லையேல் முழு மின்னழுத்தத்துக்கு ஏற்ற காயிலை வாங்கி, இரண்டுக்கும் 12 வோல்ட் கொடுக்கலாம். காயிலின் தடை தொகுதி தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக் கூடாது.

இரண்டாவது வழிக்கு ரிலே வைப்பது நேர்த்தியானது. 30ஆம் முனைக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியே வயர், 87 காயிலுக்கும் தொகுதிக்கும், 85 எர்த்துக்கு, 86க்குப் பழைய இளஞ்சிவப்பு, பழுப்பு வயர்கள். ரிலேயை இயக்க 0.15 ஆம்பியர் அளவே போதும் என்பதால் இளஞ்சிவப்பு வயரில் இழப்பது 0.2 வோல்ட் மட்டுமே. காரின் மூல வயரிங்கில் எதையும் வெட்ட வேண்டியதில்லை. ஃபியூஸைத் தவிர்க்கக் கூடாது: பேட்டரியிலிருந்து நேரே வரும் வயர் எங்காவது உராய்ந்து உடலைத் தொட்டால் தீப்பிடிக்கும்.

கோளாறுகள்

சாவியை ஸ்டார்ட் நிலையில் பிடித்திருக்கும்போது எஞ்சின் எழுந்து, விட்டதும் அணைந்தால் இளஞ்சிவப்பு வயர் பக்கத்தில் துண்டிப்பு. மாறாக, சுழலும்போது எழாமல் சாவியை விடும் நொடியில் மட்டும் எழ முயன்றால், ஸ்டார்ட் நிலையில் மின்சாரம் அறுபடும் முனையிலிருந்து இணைப்பு எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். ரேடியோவுக்கான முனையிலிருந்து எடுப்பவர்களுக்கு இது நேரும்.

எஞ்சின் ஓடாமல் சாவியை இக்னிஷன் நிலையில் விட்டுவைப்பது ஆபத்து. தொகுதி மின்னோட்டத்தைக் கடத்தும் நிலையில் நின்றிருந்தால், 3 ஓம் காயிலிலேயே சுமார் 50 வாட் வெப்பம் தொடர்ந்து எழும். காயிலோ தொகுதியோ வெந்துபோகலாம். சிவப்பும் கறுப்பும் இடம் மாறினாலும் தொகுதி போய்விடும். நேர்முனையை எர்த்தாகக் கொண்ட பழைய பிரிட்டிஷ் கார்களுக்குத் தனி வகைத் தொகுதி வேண்டும். 1967 வரையிலான எம்ஜிபி அத்தகையது.

தொகுதி எர்த் பெறுவது டிஸ்ட்ரிபியூட்டரின் உள் தட்டு வழியே. அங்குள்ள சிறு பின்னல் வயர் அறுந்திருந்தால் மேலே சொன்ன எதுவும் பயன்படாது. வேலை முடிந்ததும் டைமிங் லைட் வைத்து மீண்டும் டைமிங் பார்க்க வேண்டும். தீப்பொறி பாயும் கணம் நிச்சயம் நகர்ந்திருக்கும்.

கழற்றிய பாயின்ட், கண்டென்சரைப் பலர் டிக்கியில் வைத்திருப்பார்கள். தொகுதி வழியில் செயலிழந்தால் அரை மணியில் பழையபடி மாட்டலாம். 3 ஓம் காயில் என்றால் அப்படியே ஓடும். 1.5 ஓம் காயில் என்றால் முதலில் இளஞ்சிவப்பு வயரை ரிலேயிலிருந்து கழற்றிக் காயிலோடு சேர்க்க வேண்டும்.