ஆங்கில வாக்கியமும் மரபு வழுவும்

யானை மேய்ப்பவனை இடையன் என்றால் பொருள் விளங்கும். ஆயினும் தமிழர் செவி அதனை ஏற்காது. பாகன் என்பதே மரபு. இத்தகைய பிழையை நன்னூலார் மரபு வழு என்று வகுத்தார். ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்களுள் எது இயல்பானது என்று நாம் மயங்குவதும் பெரும்பாலும் இந்த மரபு பற்றியதே ஆகும்.

நேயர்களே, திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவை எண்ணிப் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய ராஜா கேசவதாசன் அமைத்த வணிகத் தலம் அது. தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கின்றனர். வீட்டிலே தமிழ், வாடிக்கையாளரோடு மலையாளம், வெளிமாநிலங்களுக்கு எழுதுகையில் ஆங்கிலம் என்பது அவர்களுள் பலரின் நிலை.

அவர்களுள் ஒருவர், "இருபது ஆண்டுகளாகச் சாலையில் குடியிருக்கிறேன்" என்று ஒரு விண்ணப்பத்தில் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். "ஐ லிவ்டு இன் சாலை ஃபார் ட்வென்டி இயர்ஸ்" என்று எழுதினால், முன்பு இருந்தார், இப்போது இல்லை என்றே படிப்பவர் கொள்ளக்கூடும். குடியிருப்பை நிலைநாட்ட எழுதிய வரியே அதனை மறுத்துவிடும்! "ஐ ஆம் லிவிங் இன் சாலை ஸின்ஸ் ட்வென்டி இயர்ஸ்" என்பதோ பொருள் கெடாவிடினும் மரபன்று. "ஐ ஹாவ் பீன் லிவிங் இன் சாலை ஃபார் ட்வென்டி இயர்ஸ்" என்பதே இயல்பு.

இம்மயக்கம் ஏன் வருகிறது? தமிழில் 'ஆக' என்னும் உருபும் நிகழ்கால வினையும் சேர்ந்தால் போதும். ஆங்கிலமோ நேற்றுத் தொடங்கி இன்றும் தொடர்வதற்குத் தனியொரு வினைவடிவம் வைத்திருக்கிறது. மலையாளமும் இதில் தமிழின் வழியே செல்வதால், அண்டை வீட்டாரின் பேச்சும் நம்மைத் திருத்துவதில்லை. கால அளவுக்கு 'ஃபார்', தொடங்கிய ஆண்டுக்கு 'ஸின்ஸ்' என்பதையும் நினைவிற் கொள்க.

'நேற்றுத்தான் வந்தார்' என்பதில் 'தான்' சொல்லின் பின்னே ஒட்டுகிறது. அதே பழக்கத்தில் "யெஸ்டர்டே ஒன்லி ஹி கேம்" என்கிறோம். ஆங்கிலத்தில் அச்சொல் முன்னே நிற்கும்: "ஹி கேம் ஒன்லி யெஸ்டர்டே."

தாய்மொழி எப்போதும் இடறிவிடுகிறது என்று எண்ணற்க. 'திங்கட்கிழமைக்குள் சரக்கு வேண்டும்', 'திங்கட்கிழமை வரை கடை திறந்திருக்கும்' என்று தமிழர் தெளிவாகப் பிரித்தே பேசுகின்றனர். 'உள்' வருமிடத்தில் 'பை', 'வரை' வருமிடத்தில் 'டில்' என்று கொண்டால் தவறு நேராது. மாற்றி எழுதினாலோ சரக்கு அனுப்புபவர் நாள் தெரியாது திகைப்பார்.

'டூ தி நீட்ஃபுல்' என்னும் தொடரைச் சிலர் எள்ளுவர். நம் 'ஆவன செய்க' என்பதற்கு அது நேரான தொடர். ஒரு காலத்தில் இங்கிலாந்திலும் வழங்கியது. இந்திய அலுவலகங்களில் இன்றும் செல்லும். அதனை விலக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அயல்நாட்டு வணிகருக்கு எழுதும்போது மட்டும், என்ன செய்ய வேண்டும் என்பதை விளங்கச் சொல்லிவிடுதல் நலம்.

ஐயம் வந்தால் அகராதியில் பொருளைப் பார்த்தவுடன் மூடிவிடாமல், கீழேயுள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் படியுங்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி என்பவர், பிறமொழி மாணவர்க்கென்றே அத்தகைய அகராதி ஒன்றைத் தொகுத்தார். 1942-இல் டோக்கியோவில் வெளிவந்து, 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாகிய அந்நூல் புதுப்புதுப் பதிப்புகளில் இன்றும் கிடைக்கிறது.